அவர் உங்களுக்கு என்ன வேணும்?

1980-ல் ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்துக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் 25 வயது ஆங்கிலேயர் ஒருவர் வந்து சேர்ந்தார். டிம் பெர்னர்ஸ்-லீ. எந்த நிரலை யார் எழுதினார், அது எந்தக் கணினியில் ஓடுகிறது என்று எதுவும் அவர் மண்டையில் தங்கவில்லை. வல்லாரைக் கீரை கிடைக்காத ஊர். எனவே ‘என்குயர்’ என்று ஒரு குறிப்பேட்டு மென்பொருளை எழுதிக்கொண்டார்.

அதில் புதுக் குறிப்பு எழுத வேண்டுமானால், பழைய குறிப்பு ஒன்றிலிருந்து இணைப்புப் போட்டுத்தான் நுழைய முடியும். சிபாரிசு இல்லாதவனுக்கு வாசலிலேயே தடை. சிபாரிசும் மொட்டையாகச் செல்லாது: இது அதை உருவாக்கியதா, பயன்படுத்துகிறதா, அதன் பகுதியா என்று உறவைச் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டுப் பாட்டி “நீ யாரு பிள்ளை?” என்று கேட்டு, அத்தை வழியா சித்தி வழியா என்று தீரும்வரை பந்தியில் உட்காரவிடாத மாதிரி. அத்தை, சித்தி, பெரியம்மா மூவரையும் ‘ஆன்ட்டி’ என்று ஒரே கூடையில் போடும் மொழிக்காரருக்கு இது தோன்றியதே பெரிய விஷயம்.

ஒப்பந்தம் முடிந்தது, டிம் கிளம்பினார், வட்டு தொலைந்தது. மறதிக்கு மருந்தாக எழுதியதை மறதிக்கே தாரை வார்த்தாயிற்று.

1983-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ராண்டால் ட்ரிக் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இணைப்புகளுக்கு 70-க்கும் மேற்பட்ட உறவு வகைகளைப் பட்டியலிட்டார். ஆதரிக்கிறது, மறுக்கிறது என்பதெல்லாம் சரி. நடை சலிப்பு, நடை திமிர் என்றும் வகைகள் உண்டு! மனிதர் எத்தனை கருத்தரங்குகளில் சிக்கி நொந்தாரோ.

“உறவுப் பெயரே வேண்டாம், லூமானைப் பார்” என்பவர்கள் இங்கே குறுக்கே வருவார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளை எண்களால் மட்டுமே கோத்தவர்தான். அந்த எண் அங்கே ஏன் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். 1998-ல் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சீட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு துப்புத் துலக்குகிறார்கள்.

செர்னுக்கே திரும்பியிருந்த டிம் 1989-ல் ஒரு திட்ட வரைவு நீட்டினார். அதன் படத்தில் அம்புக்குறிகள் மேல் உறவின் பெயர்கள் இருந்தன. தெளிவில்லை, ஆனால் சுவாரசியம் என்கிற மாதிரி மேலதிகாரி ஓரத்தில் கிறுக்கிவைத்தார். அதிலிருந்துதான் உலகளாவிய வலை பிறந்தது. உறவைக் குறிக்க அதிலும் ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலானோர் காலியாகவே விட்டார்கள். உறவைப் பெயரோடு எழுத 1999-ல் ‘ஆர்டிஎஃப்’ என்ற தரநிலை வந்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்! நம் தமிழய்யா கரும்பலகையில் எழுதிப்போட்டதேதான். அன்றும் நாம் கவனிக்கவில்லை.

ஓர் உறவுப் பெயர் அமோகமாக ஓடியது. 2005-ல் தேடுபொறிகள் கொண்டுவந்த ‘நோஃபாலோ’. பொருள்: இணைப்புக் கொடுத்திருக்கிறேன், ஆனால் அந்த ஆளுக்கு நான் பொறுப்பில்லை.

நேற்று என் குறிப்பேட்டு மென்பொருளைத் திறந்தேன். லூமானிலிருந்து தயிர்வடைக்கு ஓர் இணைப்பு போகிறது. போட்டவன் நான்தான். ட்ரிக்கின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.