களவு போனால் பணம் வாபஸ்

தமிழ்நாட்டில் முதல் திருட்டு எப்போது நடந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. திருட்டைத் தடுக்கிறேன் என்று சொல்லி வசூலித்த பணத்துக்கோ கல்வெட்டே இருக்கிறது. திருடர்கள் கணக்கு எழுதுவதில்லை, காவலர்கள் எழுதினார்கள். அந்தக் கணக்கை மேலிருந்து கீழாக ஒருமுறை கூட்டிப் பார்ப்போம்.

முதலில் சங்க காலத்துக்கு ஒரு கும்பிடு. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மதுரை வருகிறது. கறுப்பு உடுத்து, இடுப்பில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பும் திருடர்கள் வருகிறார்கள். அவர்களைத் தேடி, மழை கொட்டும் இரவிலும் சோம்பாமல் சுற்றும் ஊர்க்காவலர்களும் வருகிறார்கள். எழுதியவர் மாங்குடி மருதனார். கேட்டுக்கொண்டிருந்தவர் பாண்டியன் நெடுஞ்செழியன். பரிசில் தரப்போகும் ராஜாவின் முகத்துக்கு நேராக, “உங்கள் ரோந்து தூங்குகிறது” என்று எந்தப் புலவர் பாடுவார்?

இந்த ரோந்தின் உண்மையான லட்சணத்தைச் சிலப்பதிகாரம் போட்டு உடைத்துவிடுகிறது. ராணியின் சிலம்பைக் காணோம். பொற்கொல்லன் ஒருவன் வந்து கையைக் காட்டுகிறான். அதுதான் எஃப்.ஐ.ஆர்., அதுதான் குற்றப்பத்திரிகை, அதுதான் தீர்ப்பு. சிலம்புக்குள் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் கோவலன் செத்த பிறகுதான் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. விசாரணைச் செலவை மிச்சம் பிடித்ததற்குப் பாண்டியன் கொடுத்த விலை, ஒரு தலைநகரம்.

சோழர்கள் கெட்டிக்காரர்கள். காவல் என்றால் செலவு, செலவு என்றால் வரி என்று முடிச்சுப் போட்டார்கள். கல்வெட்டுகளில் வரும் ‘பாடிகாவல்’ அதுதான். ஊரைக் காப்பதற்காக ஊரிடமே வாங்கும் வரி. கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கும்போது விலக்கிய வரிகளின் பட்டியலில் இதுவும் தலைகாட்டும். சோழ அரசு தளர்ந்தபின் கதை இன்னும் சுவாரசியமாகிறது. புதுக்கோட்டைப் பக்கத்தில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையை உள்ளூர் அரையர்களுக்கு விற்றே விட்டார்கள். கையில் ஆள் வைத்திருக்கும் ஒருவரிடம், “ஐயா, எங்களைக் காக்கும் உரிமையை நீங்களே விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கேட்டிருக்கிறார்கள். வாங்காமல் போனால் அந்த ஆட்கள் பொழுதை எப்படிப் போக்குவார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த விஷயம். கல்லில் அதை வெட்டவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நாயக்கர் காலம். மதுரை நாட்டை எழுபத்திரண்டு பாளையமாக விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் பிரித்துக் கொடுத்ததாக மரபு. பாளையக்காரருக்கு மூன்று வேலை: வரி வசூலிப்பது, படை அனுப்புவது, நாட்டைக் காப்பது. காவலில் இரண்டு வகை உண்டு. ஊருக்குள் களத்தையும் மாட்டையும் பயிரையும் காப்பது ஸ்தலகாவல். ஊர்களையும் வழிப்பாதையையும் மொத்தமாகக் காப்பது தேசகாவல். இரண்டுக்கும் தனித்தனிக் கூலி. அறுவடை முடிந்து நெல் களத்தில் குவிந்ததும் காவல்காரர் மரக்காலோடு வந்து நிற்பார்.

இந்தக் காவல் முறையில் ஒரு ஷரத்து இருந்தது. திருட்டுப் போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும். அதாவது களவு போனால் பணம் வாபஸ். நம் ஊர்ப் போலீஸ் வரலாற்றில் நுகர்வோருக்குச் சாதகமாக இருந்த ஒரே வரி இதுதான். பின்னால் வந்த எந்த அரசாங்கமும் இதை மறந்தும் சட்டப் புத்தகத்தில் ஏற்றவில்லை.

இதை வைத்துப் பொற்காலம் என்று கண்ணீர் விட வேண்டாம். காவல்காரரை வைத்துக்கொள்ளாத ஊரில் மாடு தானாகக் காணாமல் போகும். அப்போது வருவது துப்புக்கூலி. மாட்டைப் பறிகொடுத்தவர் நாலு பேரிடம் புலம்புவார். ஐந்தாவது ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். மாட்டு விலையில் பாதியைக் கொடுத்தால், “கரட்டோரம் ஆலமரத்துல உங்க மாடு மாதிரி ஒண்ணு கட்டியிருக்கு, போய்ப் பாருங்க மாமா” என்பார். போனால், அதே மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த அறுவடைக்குள் மாமாவின் ஊர் காவலுக்கு ஒப்புக்கொண்டுவிடும். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இன்று கொடுக்கும் பயிற்சியில் இவ்வளவு தெளிவு கிடையாது.

இப்போது கிழக்கிந்தியக் கம்பெனி உள்ளே வருகிறது, கையில் பேரேட்டோடு. கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்டு, மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்டு, கோட்டைகளை இடித்து முடித்ததும் துரைமார் கணக்கைப் புரட்டினார்கள். பாளையக்காரர் வசூலித்த தேசகாவல் கூலி கண்ணில் பட்டது. “இது என்ன அநியாயம்! குடியானவனை இப்படிச் சுரண்டுவதா?” என்று மனம் பதைத்தார்கள். பதைத்துவிட்டு, அந்த வருமானத்தைத் தங்கள் பக்கம் எழுதிக்கொண்டார்கள். 1801 டிசம்பரில் ஒரு பிரகடனம்: தென் சீமையில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. காவல்காரருக்கு இனிக் கூலியும் இல்லை, வேலும் இல்லை. மிச்சம் இருந்தது இருட்டும் மாடும்தான்.

காவலுக்கு என்ன ஏற்பாடு? வங்காளத்தில் காரன்வாலிஸ் துரை தாரோகா என்றொரு அதிகாரியை உண்டாக்கியிருந்தார். 1802-ல் அந்தச் சரக்கு சென்னை ராஜதானிக்கும் கப்பலேறி வந்தது. வங்காளத்தில் தாரோகாவுக்குச் சம்பளம் போக ஊக்கத்தொகையும் உண்டு: கொள்ளைக்காரன் ஒருவன் தண்டனை பெற்றால் 10 ரூபாய், மீட்ட களவுப் பொருளின் மதிப்பில் 10 சதவீதம். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தர ஒரு பங்கு! இதைத்தான் கரட்டோர ஆலமரத்தடியில் வாங்கினால் துப்புக்கூலி என்றார்கள். கச்சேரியில் வாங்கினால் அதன் பெயர் நிர்வாகச் சீர்திருத்தம்.

தாரோகா இங்கே எடுபடவில்லை. அவருக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவரைத் தெரியாது, திருடருக்கு மட்டும் இருவரையும் தெரியும். அப்புறம் தாமஸ் மன்றோ வந்தார். தெலுங்குச் சீமை ஜனங்கள் குழந்தைக்கு மன்றோலப்பா என்று பெயர் வைக்கும் அளவுக்கு நல்லவர். “ஊர்க்காவலை ஊரிடமே விடுவோம், மணியக்காரர், தலையாரி எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்களே” என்றார். 1816-ஆம் வருஷத்துப் பதினோராவது ரெகுலேஷன் பிறந்தது. கிராமத் தலைவரே உள்ளூர்ப் போலீஸ், தாசில்தார் அதற்கு மேல் போலீஸ், கலெக்டர் எல்லாருக்கும் மேல் மாஜிஸ்திரேட். ஏற்கெனவே இருப்பவர்களுக்கே வேலை. கம்பெனிக்குப் புதுச் செலவு சொற்பம்.

சின்னச் சின்னக் குற்றங்களுக்குக் கிராமத் தலைவரே தண்டனை கொடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே தண்டனை அல்ல. மற்றவர்களுக்குச் சாவடியில் சில மணி நேரக் காவல். ‘கீழ்ச்சாதி’ என்றால் தொழுமரத்தில் காலை மாட்டி உட்காரவைக்கலாம் என்று அந்த ரெகுலேஷனே சொன்னது. மனு தர்மத்தில் எழுதியது போதாது என்று துரையும் ஓர் அத்தியாயம் எழுதிச் சேர்த்தார்.

வரி வசூலிப்பவரே போலீசாகவும் இருந்தால் என்ன ஆகும்? திருடனைப் பிடித்தால் சம்பளம் ஏறாது, வரி குறைந்தால் வேலை போகும். ஆகவே திருடனுக்கு வைத்திருந்த கருவிகள் எல்லாம் வரி கட்டாத குடியானவன்மேல் பாய்ந்தன. விரல்களை நசுக்கும் கிட்டி. உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள். இவையெல்லாம் லண்டன் பார்லிமெண்டில் எதிரொலித்து, சென்னையில் ஒரு சித்திரவதை விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1855-ல் அறிக்கை வந்தது. ஆமாம், நடக்கிறது, வரிக்காகவும் நடக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடக்கிறது என்றது. பெரிய துரைமாருக்கு இது எதுவுமே தெரியாதாம். ஐம்பது வருஷமாக வரிப் பணம் மட்டும் பிசகாமல் வந்து சேர்ந்ததே, அதை யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று நினைத்தார்களோ.

வெட்கம் வந்தால் சட்டம் வரும். 1859-ல் 24-ஆவது சட்டம்: வருவாய்த் துறை வேறு, போலீஸ் வேறு. இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்ற பதவி, உடுப்பு, தொப்பி, அணிவகுப்பு. தொப்பி எல்லாம் ஸ்டேஷனுக்கு. கிராமத்துக்கு அதே பழைய தலையாரிதான், அதே பழைய கம்புதான். அவருக்கும் மற்றக் கிராம ஊழியருக்கும் கொடுக்கப் பணம் வேண்டுமே என்று 1864-ல் கிராமச் செஸ் சட்டம் போட்டார்கள். நிலவரியில் ரூபாய்க்கு ஓர் அணாவுக்கு மிகாமல் கூடுதலாகக் கட்டு. ஒரு ஸ்டேஷனுக்குப் பல ஊர். புதுக் கான்ஸ்டபிளுக்குப் பத்து ரூபாயை எட்டாத மாதச் சம்பளம். அதில் அவர் குடும்பத்தைக் காப்பதா, உங்கள் மாட்டைக் காப்பதா?

ஆகவே குடியானவர் இரட்டைக் கணக்கு எழுதினார். சர்க்காருக்குச் செஸ், சட்டப்படி. காவல்காரருக்கு நெல், வழக்கப்படி. முதலாவதுக்கு ரசீது உண்டு, மாடு கிடைக்காது. இரண்டாவதுக்கு ரசீது கிடையாது, மாடு கிடைக்கும். துரைமார் காவலை ஒழித்துவிட்டதாக அறிக்கை எழுத எழுத, அது களத்துமேட்டில் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது.

1896-ல் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்களுக்குப் பொறுமை போயிற்று. ஊருக்கு ஊர் ‘பண்டு’ சேர்த்தார்கள். அந்தப் பொதுப் பணத்திலிருந்து மாட்டைப் பறிகொடுத்தவருக்கு ஈடு, சொந்தக் காவலாட்களுக்குக் கூலி, கையில் ஒரு கொம்பு. கொம்புச் சத்தம் கேட்டால் ஊரே கம்போடு கிளம்பவேண்டும். காயம் பட்டவருக்கும் பண்டிலிருந்தே நஷ்ட ஈடு. அரசாங்கம் முக்கால் நூற்றாண்டாகச் செய்யாத கிராமப் போலீஸ் பட்ஜெட்டை ஓர் ஆலமரத்தடிக் கூட்டம் போட்டு முடித்தது. ஆனால் தணிக்கை அதிகாரியும் மாஜிஸ்திரேட்டும் இல்லாத பட்ஜெட் அது. கொம்புச் சத்தம் சீக்கிரமே தீவட்டியாக மாறியது. காவல்காரர்களின் வீடுகள் எரிந்தன. ஒன்றும் அறியாத குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன.

சர்க்கார் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், தானும் பண்டு வசூலிக்கலாம் என்பது. ஓர் ஊரில் கலவரம் நடந்தால் அங்கே கூடுதல் போலீசை இறக்கி, செலவை ஊரார் தலையில் கட்டும் ‘பியூனிட்டிவ் போலீஸ்’ ஏற்பாடு சட்டத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1899 சிவகாசிக் கலவரத்துக்குப் பிறகும் இப்படித்தான். கொள்ளைக்குத் தப்பிய செம்பு, போலீஸ் வரிக்குப் போனது.

1902-ல் மறுபடி ஒரு கமிஷன், ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில். இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு, போலீஸ் திறமையற்றது, பயிற்சி போதாது, ஜனங்கள் அதை லஞ்சத்துக்கும் கொடுமைக்கும் பேர்போனதாகவே பார்க்கிறார்கள் என்று எழுதியது. சம்பளத்தை உயர்த்தச் சொன்னது. சம்பளம் உயர்த்துவது செலவு பிடிக்கும் காரியம். செலவில்லாத வழி ஒன்று வடக்கே 1871 முதலே இருந்தது: குற்றம் நடந்த பிறகு திருடனைத் தேடுவானேன், ஒரு சாதியையே திருடர் என்று எழுதிவைத்துவிட்டால் தேடும் வேலையே இல்லையே! குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. காவல் கூலி வாங்கிவந்தவர்களில் பலருடைய பெயரும் கைரேகையும் இப்போது குற்றவாளிப் பதிவேட்டில். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்கவேண்டும். போலீஸ் ஊருக்குப் போகும் செலவு மிச்சம், ஊரே போலீசிடம் வந்துவிடும்.

இந்த இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆகவேண்டியிருந்தது. சிக்கனமான குற்றத்தடுப்புக்கு ஆன செலவு அது.

பிறகு வந்தது நம்முடைய அரசாங்கம். 1980-ல் எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரைக் கர்ணம், மணியம் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஜமீன்தார் தோரணையில் ஊரை ஆண்டவர்கள் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. தலையாரி கிராம உதவியாளர் ஆனார். கம்பு போய் ஃபைல் வந்தது. இன்று கிராமக் குற்றத்தடுப்பு என்றால் முச்சந்தியில் சிசிடிவி கேமரா. பல ஊர்களில் அதற்குப் பணம் கடைக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் போட்ட நன்கொடை. அடுத்த தெருக் கோயில் டியூப்லைட்டில் இருப்பதுபோல உபயதாரர் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள். திறந்துவைப்பது போலீஸ் அதிகாரி. பழுதானால் சரிபார்ப்பது யார் என்று கேட்டால் கேமராவே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

ஆகக் கூட்டல் கணக்கு முடிந்தது. பாடிகாவல், தேசகாவல், செஸ், பண்டு, தண்டம், நன்கொடை என்று தலைப்பு எத்தனையோ முறை மாறியது. கொடுத்தவர் ஒரே ஆள், களத்தில் நிற்கும் குடியானவர். பழைய காவல்காரர் அவரை மிரட்டியே கூலி வாங்கினார், ஆனால் மாடு போனால் தன் கையிலிருந்து கட்டவேண்டும் என்ற பயம் அவருக்கு இருந்தது. அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு சர்க்காரும் மிரட்டலைக் கண்டித்தது, கூலியை எடுத்துக்கொண்டது, பணம் வாபஸ் என்ற அந்த ஒற்றை வரியை மட்டும் அடித்துவிட்டது. அடுத்த முறை காவல் துறை மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, அந்த வரி மறுபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்டுப் பாருங்கள்.