இத்தாலியா, லக்னோவா?

கேள்வி: தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழைய லாம்ப்ரட்டா ஸ்கூட்டர் ஒன்று பளபளவென்று போகிறது. இத்தாலி வண்டி என்கிறார் ஒருவர், லக்னோ வண்டி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், தம்பானூர்

பதில்: இருவரும் ஜெயிக்கக்கூடிய விசித்திர வழக்கு இது! மிலான் நகரில் எஃகுக் குழாய் வியாபாரி ஃபெர்டினாண்டோ இன்னோசென்டி 1947-ல் லாம்ப்ரட்டாவை இறக்கினார். எதிராளி வெஸ்பாவுக்குத் தகடே உடம்பு. இவருடையதற்கு உள்ளே குழாய்ச் சட்டம். குழாய்க்காரர் வேறென்ன செய்வார்? ஐம்பதுகளில் பம்பாயின் ஏபிஐ நிறுவனம் உரிமம் பெற்று இங்கே தயாரித்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாலியில் கடையைக் கட்டினார்கள். ஐரோப்பிய இளைஞர்கள் காருக்கு மாறிவிட்டிருந்தார்கள். நாமோ ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். எனவே இந்திய அரசு 1972-ல் 'ஸ்கூட்டர்ஸ் இந்தியா'வைத் தொடங்கி, இயந்திரங்கள், வரைபடங்கள், பெயருரிமை எல்லாவற்றையும் சீர்வரிசை மாதிரி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. உள்ளூரில் 'விஜய் சூப்பர்', ஏற்றுமதிக்கு 'லாம்ப்ரட்டா'. மிலானின் நவநாகரிகத்துக்கு நமது மத்திய அரசு முதலாளி! இதைவிடப் பெரிய நகைச்சுவையைத் திட்டக் கமிஷனாலும் எழுதியிருக்க முடியாது.

1997-ல் ஸ்கூட்டர் நின்றது. 'விக்ரம்' மூன்று சக்கர வண்டிதான் கம்பெனியை இழுத்தது. 2021-ல் மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

உங்கள் வழக்கைத் தீர்க்க உரிமையாளரிடமே கேளுங்கள். "இத்தாலி" என்றால் விற்கப் போகிறார். "லக்னோ" என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் தேடுகிறார்.