ராமர் தடவாத அணில்

இன்று காலை 7:10க்கு நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நியூஜெர்சியில் மே முதல் வாரம். ரோஸ்-பிரெஸ்டட் குரோஸ்பீக் ஆண் ஒன்று கொல்லைப்புறம் வந்தது. கருப்பு முதுகு, வெள்ளை வயிறு, நெஞ்சில் மட்டும் யாரோ ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி சிவப்பு. குளிருக்கு மத்திய அமெரிக்கப் பக்கம் போயிருந்தது, வடக்கே திரும்புகிற வழியில் இரண்டு வாய் சூரியகாந்தி விதைக்கு இறங்கி, என் குச்சியில் உட்கார்ந்தது. நம் எல்லார் வீட்டு ஃபீடருக்கும் பக்கத்தில் திருகி மாட்டியிருக்கிற, படத்தில் மட்டும் அடர்ந்த காட்டுக்குள் முளைத்துவிடுகிற அதே குச்சிதான்.

வினாடிக்கு 20 படம். அழுத்தினேன். 43 விழுந்தது. 43லும் ஒரு வால். வாலின் ஒவ்வொரு மயிரும் அப்பழுக்கில்லாத ஃபோகஸ். பின்னால் குங்குமம் கொட்டினாற்போல ஒரு மங்கல், அதுதான் குரோஸ்பீக்.

இப்படி ஆகாமலிருக்க ஷட்டர் வேகத்தை எப்படி வைப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன் இந்த அணிலைப் பற்றி ஒரு வார்த்தை.

நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. அரைக் கிலோ கனக்கிற இந்தச் சாம்பல் அணிலுக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஏன்? சேது கட்ட ஆள் தேடியபோது இது வரவில்லை. வந்திருந்தாலும் மண் சுமந்திருக்காது, வானரங்கள் கட்டுச்சோறு அவிழ்க்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். மரத்திலிருந்து 10 அடி தள்ளிக் கம்பம் நட்டேன். கூரையிலிருந்து குதித்தது. கம்பத்தில் தகரக் குடை மாட்டினேன். என் முக்காலி மேல் ஏறித் தாவியது. முக்காலியை அங்கே வைத்தவன் நான்தான்.

பறவைக்குக் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். இதை நம்பி மிளகாய் தடவிய விதையைக் கடையில் விற்கிறார்கள். தமிழன் அதைக் காசு கொடுத்து வாங்கலாமா? அம்மா அரைத்துக் கொடுத்தனுப்பிய தனி மிளகாய்த்தூளில் இரண்டு கரண்டி கலந்தேன். முதல் நாள் ஒரு வாய் தின்று, முகத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் நாள் தின்றது, குருவித் தொட்டியில் தண்ணீர் குடித்தது, மறுபடி தின்றது. மூன்றாம் நாள் தண்ணீர்கூடத் தேவைப்படவில்லை. இங்கேயே பிறந்த என் மகனுக்கு இன்னும் ரசம் காரம்.

அணில் அவ்வளவாகச் சீண்டாத விதை ஒன்று உண்டு. நைஜர் என்று பையில் போட்டிருக்கும்; கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பேயெள்ளுதான். கடல் கடந்து வருகிறது, இங்கே முளைத்துவிடாதபடி சூடு காட்டித்தான் விற்கிறார்கள். எனக்கு அதன்மேல் ஓர் அனுதாபம். அதற்குக் கோல்டுஃபின்ச் மொய்க்கிறது. குளிர்காலத்து மண் நிறம் உதிர்ந்து, திட்டுத் திட்டாக மஞ்சள் ஏறுகிற பருவம். 1,100 படம் வட்டில் கிடக்கிறது. திறந்து பார்த்தேனா என்று கேட்காதீர்கள், நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேல் செல்போனை நீட்டினார். அதே குரோஸ்பீக். சமையலறை ஜன்னல் வழியாக எடுத்ததாம், ஒரே படம். இறகுகூட எண்ணலாம். அழகாக இருக்கிறது என்று சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உள்ளே வந்தால், "ஏங்க, குழம்புக்கு வச்சிருந்த தூள் எங்க?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்பதானடா ரெண்டு கிலோ அனுப்பினேன்! சரி, குண்டு மிளகாயா, நீட்டு மிளகாயா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.