படகு டிரெய்லர் டயர்த் தேய்மானம்: நூற்பாவும் உரையும்

பாயிரம்

தானாக ஓடவும் தெரியாமல், ஓடி முடித்த இடத்தில் சக்கரத்தோடு தண்ணீரில் இறக்கப்படும் வண்டி படகு டிரெய்லர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவே படகைச் சுமப்பதே இதன் பிறவிப்பயன். பனிக்காலம் முழுதும் கொட்டகையில் கிடந்து, மே மாதம் மீன்பிடி காலம் தொடங்கியதும் நெடுஞ்சாலைக்கு வரும். அப்போதுதான் உரிமையாளர் குனிந்து பார்க்கிறார். டயரின் ஒரு பக்கம் பட்டன் இருக்கிறது; மறுபக்கம் மொட்டை.

இதற்குக் காரணம் கூறுவார் மூவகையினர். ‘இந்த பிராண்டே இப்படித்தான்’ என்பார் பழிக்கொள்கையர். ‘ரோடு சரியில்லை’ என்பார் ஊழ்க்கொள்கையர். இடப்பக்க டயரை வலப்பக்கம் மாற்றிப் போட்டு நிறைவெய்துவார் சமரசக்கொள்கையர். மூவரும் மயங்கினர். என்னை? ஒரே பிராண்டு ஒரே ரோட்டில் ஓடியும் டிரெய்லருக்கு டிரெய்லர் வெவ்வேறாகத் தேய்தலின். மாற்றிப் போட்டால் இரண்டு டயரும் சமமாகக் கெடுமேயன்றி நோய் தீராது. ஆகவே தேய்ந்த இடம் கொண்டு காரணம் காணும் முறை இங்கே கூறப்படும்.

நூற்பா 1: ஓரம் இரண்டும் தேயின் காற்றுக் குறை, நடுவே தேயின் காற்று மிகை.

உரை: காற்றுக் குறைந்த டயர் நடுவில் தளர்ந்து ஓரங்களில் நிற்கும், மிகுந்தது நடுவில் உப்பி நிற்கும். நின்ற இடம் தேயும். டிரெய்லருக்கென்றே செய்த டயரின் பக்கவாட்டில் ‘எஸ்.டி.’ என்ற எழுத்தும், ஏற்றத்தக்க உச்ச எடையும், அதற்குரிய காற்றழுத்தமும் பொறித்திருக்கும். 14 அங்குல டயரில், ‘சி’ சுமைவகைக்கு அது பெரும்பாலும் 50 பி.எஸ்.ஐ. கார் டயருக்கு அடிக்கும் 32-ஐயே இதற்கும் அடித்துவிட்டு, கையால் அமுக்கிப் பார்த்து ‘கல்லு மாதிரி இருக்கு’ என்பாரும் உளர். கை அளவுகோல் அன்று என்க. அழுத்தத்தைக் கிளம்பும் முன், டயர் சூடேறாதபோதே பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி பாரன்ஹீட் இறங்கினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. தானே குறையும்.

நூற்பா 2: உள்ளோரம் மட்டும் தேயின் அச்சு தொங்கிற்று.

உரை: இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பேராசையின் பயன் உணர்த்துதல் நுதலிற்று. நேரான குழாய் அச்சை நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்துச் செய்வர். சுமை ஏறியதும் அது நேராகும். சுமை மிகுந்தால் நேரையும் கடந்து நடுவில் தொங்கும். அப்போது இரு சக்கரங்களின் தலையும் உட்பக்கம் சாய, உள்ளோரம் தேயும்.

‘என் படகின் எடை விற்பனைத்தாளிலேயே இருக்கிறதே’ எனின், அது வெறும் படகின் எடை. பல தாள்களில் மோட்டாரும் சேராது. 30 கேலன் பெட்ரோல் சுமார் 180 பவுண்டு. மீன் போடும் தொட்டியில் 20 கேலன் தண்ணீர் நிறைத்து இழுத்தால் மேலும் 165-க்கு மேல். பேட்டரி, நங்கூரம், ஐஸ்பெட்டி, விட்டெறிய மனம் வராத பழைய கயிறு எல்லாம் தாளில் ஏறா, அச்சில் ஏறும். ஆதலால் லாரி எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது கடன். சுமையை இறக்கியும் அச்சு நிமிராவிடில் மாற்றுக.

நூற்பா 3: தடவினால் ஒருபுறம் வழுவழு, மறுபுறம் சுரசுர எனின் சக்கரம் நேரே ஓடவில்லை.

உரை: உள்ளங்கையை டயரின் குறுக்கே இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்க்க. ஒரு போக்கில் வழுக்கி, மறு போக்கில் பட்டன் விளிம்பு கையைக் கீறினால், டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடுகிறது. முன்கொக்கியின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைக்கும் டேப் பிடிக்க. இரண்டளவுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அச்சு கோணல். கமான் பட்டையின் யு போல்ட்டைத் தளர்த்தி, அச்சை நகர்த்தி, மீண்டும் முறுக்குக. அளவு சரியாக இருந்தும் ஒரே சக்கரம் இவ்வாறு தேய்ந்தால், நடைபாதை விளிம்பில் என்றோ ஏற்றி முனை வளைந்திருக்கும். ஏற்றியதை மறுப்பது உரிமையாளர் இயல்பு, வளைவு மறையாது.

நூற்பா 4: குழிகுழியாகத் தேயின் ஆட்டம்.

உரை: டயர் அதிர்ந்து துள்ளினால் விழுந்த இடமெல்லாம் குழி விழும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ‘லொடக்’ என்றால் பேரிங். பேசாதிருந்தால் வீல் பேலன்ஸும் கமான் பட்டையின் புஷ்ஷும் பார்க்க. பேரிங் கெடுவதில் படகு டிரெய்லருக்குத் தனிச்சிறப்பு உண்டு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த ஏரியில் இறக்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால்நிறமாக இருக்கும். அதைக் கண்டும் மேலே கொஞ்சம் புது கிரீஸ் அப்பி மூடுதல் வைத்தியம் ஆகாது. பேரிங்கைக் கழற்றிக் கழுவி, பழுதானால் மாற்றி, சீலும் புதிதாக இடுக.

புறனடை: பட்டன் இருந்தும் டயர் சாகும்.

உரை: படகு டிரெய்லர் ஓடுவது கொஞ்சம், வெயிலில் நிற்பது அதிகம். ஆதலின் பல டயர்கள் தேயுமுன் கிழமாகும். பக்கவாட்டில் ‘டி.ஓ.டி.’ எழுத்துகளை அடுத்த வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்தநாள்: 2319 எனின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கிழமான டயரைப் பட்டன் பாராது மாற்றுக. ஒரு நாளும் ஓடாத ஸ்டெப்னிக்கும் இவ்விதி ஒக்கும்.

புது டயர் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்தது ஏன் எனின், காற்றும் எடையும் அச்சும் பேரிங்கும் பார்த்து முடித்தவர்க்கே அது விதிக்கப்பட்டது ஆகலின். முதலிலேயே வாங்கி மாட்டினார் அடுத்த ஆண்டு இந்நூலை முதல் நூற்பாவிலிருந்து பாடம் கேட்கக் கடவர்.