நாலு எம்பி காலம்

போன வாரம் மகளுக்குப் புது லேப்டாப் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து, அந்தப் புது வாசனையை ஆளுக்கொரு முறை முகர்ந்துவிட்டு ஆன் செய்தால், நாங்கள் குடிபோகும் முன்பே உள்ளே ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். முப்பது நாள் மட்டும் காவல் காக்க வந்த ஒரு ஆன்டிவைரஸ், யாரும் கேட்காத இரண்டு விளையாட்டுகள், 'உதவியாளர்' என்ற பெயரில் வரிசையாகச் சிலர். பெட்டியில் 512 ஜிபி என்று போட்டிருந்த இடம் திரையில் 476 ஆகத் தெரிந்தது.

"ஏமாத்திட்டாங்களாப்பா?"

"இல்லம்மா. விற்கிறவங்க ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டுன்னு எண்ணுறாங்க, விண்டோஸ் 1024-ஐ மூணு தடவை பெருக்கி எண்ணுது. பேரு ஒண்ணுதான், படி வேற."

இதைச் சொல்லும்போதே மனசு 1994-க்குப் போய்விட்டது. அப்போது நான் கல்பாக்கத்தில், கடலுக்குப் பக்கத்திலேயே, இரண்டு நண்பர்களோடு இருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, போர்டு ஓரிடம் கேபினட் ஓரிடம் என்று பொறுக்கிச் சேர்த்த 386-ஐ, மாமல்லபுரம் தாண்டியும் மடியை விட்டு இறக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் "என்ன தம்பி, டிவியா?" என்று கேட்டதற்குப் பெருமையாக "கம்ப்யூட்டருங்க" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்த அந்தப் பஸ் பயணத்தை நீங்களும் ஏதோ ஒரு வழித்தடத்தில் செய்திருப்பீர்கள், உங்கள் மடியில் இருந்தது டேப் ரிக்கார்டராகவோ தையல் மிஷினாகவோ இருக்கலாம். ரேம் 4 எம்பி. ஹார்டு டிஸ்க் 80 எம்பி. இவள் லேப்டாப்பின் 8 ஜிபி ரேம் அந்த ரேமைப்போல 2048 மடங்கு.

அந்த 4 எம்பியும் முழுசாக நம்முடையதில்லை. டாஸ் புரோகிராம்கள் முதல் 640 கிலோபைட்டுக்குள்தான் காலூன்ற வேண்டும். அதிலும் மவுஸ் டிரைவர் கொஞ்சம், டாஸ் கொஞ்சம் என்று எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் நமக்கு. கான்ஃபிக் டாட் சிஸ் கோப்பைத் திறந்து, எந்த வரி முன்னால், எதை மேல்மாடிக்கு அனுப்பலாம் என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை மாற்றி மாற்றி எழுதி, 'மெம்' என்று தட்டிப் பார்ப்போம். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6-இல் மெம்மேக்கர் என்று ஒன்று இருந்தது, அதுவே மிஷினை நிறுத்தி எழுப்பிக் கணக்குப் போடும். ஆனாலும் அது விட்ட இடத்திலிருந்து கையாலேயே இன்னும் ஆறு கே பிடுங்கிவிட்டேன் என்று பக்கத்து அறைக்காரனை எழுப்பிச் சொன்ன அந்தப் பையனை நினைத்தால் இன்றும் சிரிப்பும் பாசமும் சேர்ந்து வருகிறது. ஆறு கே என்பது ஒரு நீளமான கடிதம். அந்த மிஷினுக்குள் என்ன இருந்தாலும் அதன் பெயர் எனக்குத் தெரியும், ஏன் இருக்கிறது என்றும் தெரியும்.

கடற்காற்றில் உப்பு இருப்பதை ஜன்னல் கம்பிக்கும் முன்னால் காட்டிக்கொடுத்ததும் அதுதான். சில மாதத்துக்கு ஒருமுறை திரை வராமல் பீப் பீப் என்று கத்தும். கேபினட்டைத் திறந்தால், விரல் நீளத்துக்கு ஒரு எம்பி, ஒரு எம்பியாக நாலு ரேம் பட்டை. ஓரம் பிடித்துச் சாய்த்து எடுத்து, பென்சில் ரப்பரால் அதன் பல்வரிசையை மெல்லத் தேய்த்தால் கறுப்புப் போய்ப் பளபளக்கும். ரப்பர்த் தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டால்தான் தூக்கம்.

2011 செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது நாங்கள் அணுபுரத்துக்கு வந்திருந்தோம். திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து வீட்டு வேலைக்கு வந்த அம்மாவின் மகன் தன்னுடையதைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். மேல்மூடியில் முதல்வர் படம். 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், உள்ளே இரண்டு குடித்தனம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒன்று, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொன்று. ஸ்டார்ட்டரில் முகப்புப் படத்தை மாற்ற முடியாது. "சார், எங்க மலைக்கோயில் படம் வைக்கணும்" என்றான். பாஸுக்குள் போய் வைத்துக்கொடுத்தேன். அதன்பிறகு அவன் பாஸை விட்டு வெளியே வரவில்லை. மெனுவெல்லாம் தமிழில் இருந்ததும் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

உள்ளே முன்கூட்டியே இருப்பதெல்லாம் வேண்டாத விருந்தாளி என்றும் சொல்லிவிட முடியாது. 386-இல் தமிழ் எழுத்துரு பிளாப்பியில் ஏறிவரும். அதற்கு இடம் ஒதுக்க எதையாவது அழிக்க வேண்டும். நான் அனுப்பிய கோப்பை அதே எழுத்துரு இல்லாத நண்பன் திறந்தால் கொக்கிகளும் கோடுகளுமாக இருக்கும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழை உள்ளேயே வைத்து அனுப்பியது. இன்று என் மகள் பெட்டியைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் தன் பெயரைத் தமிழில் அடித்தாள், அதற்கு ஒரு காலத்தில் எவ்வளவு பாடுபட்டோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

லேப்டாப்பில் மற்ற விருந்தாளிகளை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினோம். காவல்காரரை நீக்கியதும் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் எழுந்து நின்றது. ஆன் செய்ததும் ஓடிவருபவர்களின் பட்டியலில் பாதியை நிறுத்தினோம். தூங்கப் போகும்போது ரேமை டிஸ்க்கில் எழுதிவைக்கும் ஹைபர்னேட் கோப்பு மூன்று ஜிபிக்கு மேல் பிடித்திருந்தது. அவளுக்கு அது வேண்டாம் என்றதால் அதையும் எடுத்தோம். இவ்வளவும் முடிந்து பார்த்தால் ரேமில் இன்னும் பாதி நிரம்பியிருந்தது. எனக்கு ஆறவில்லை. அவள்தான் காட்டினாள்: சும்மா கிடக்கும் இடத்தில் அடிக்கடி திறப்பதை விண்டோஸ் எடுத்துவைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும், காலியாக வைத்திருந்து என்னப்பா லாபம்? சரிதான். ஆறு கேவுக்குத் தவம் கிடந்தவனுக்குக் காலி இடம் என்றால் இன்னமும் சேமிப்புப் பணம்.

"டிஃப்ராக் போடலாமா?" என்றேன். எஸ்எஸ்டிக்கு அது தேவையே இல்லையாம், வீணாக எழுதித் தேய்க்க வேண்டாம் என்றாள். சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து இடம்சேர்வதை மூன்று பேர் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவளிடம் எப்படிச் சொல்வது?

பின்னால் கூடுதல் ரேம் போட முடியுமா என்று தேடினேன். போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிட்டார்கள், கழற்ற வழியில்லை. நான் பேசாமல் இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். பீரோவைத் திறந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள். 386-இன் நாலு பட்டைகளும் அதில் இருந்தன. ஒன்றை எடுத்து, சில்லுகளில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பல்வரிசை கறுத்திருந்தது.

"ரப்பர் இருக்காப்பா?"