பழைய மாப்பிள்ளைக்கு நாற்பது எம்.பி.பி.எஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே போனேன். போயிருக்கக் கூடாது.

எங்கள் குடியிருப்பின் வாசலில் ஒரு பெரிய கலர் குடை. அதன் கீழ் மடக்கு மேஜை. மேஜைக்குப் பின்னால் டீ ஷர்ட் போட்ட ஒரு தம்பி. குடையைச் சுற்றி நாலு பக்கமும் 499 என்று எழுதியிருந்தது; பக்கத்தில் கடுகளவு ஒரு நட்சத்திரம். வேகம் 100 எம்.பி.பி.எஸ். ரவுட்டர் இலவசம், மாட்டித் தருவது இலவசம், படம் பார்க்க நாலைந்து ஓ.டி.டி. இலவசம்.

கம்பெனி பெயரைப் பார்த்தேன். ஏழு வருஷமாக நான் காசு கட்டும் அதே கம்பெனி. நான் கட்டுவது 799. எனக்கு வருவது 40. பெயரை எழுத மாட்டேன். நீங்கள் இப்போது எந்தக் கம்பெனியை நினைத்தீர்களோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, இந்த 499..."

"வாங்க அங்கிள், உக்காருங்க." எழுந்து நின்றான். பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையாலேயே துடைத்தான். "எந்த ஃப்ளாட்? மத்தியானத்துக்குள்ள லைன் போட்டுடலாம்."

"லைன் இருக்குப்பா. ஏழு வருஷமா உங்க லைன்தான்."

நான் முக்கால்வாசி உட்கார்ந்துவிட்டேன். அவன் முழுசாக உட்கார்ந்துவிட்டான். "ஓ... எக்ஸிஸ்டிங்கா" என்றான், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர் மாதிரி. "இது நியூ கஸ்டமருக்கு மட்டும் அங்கிள்."

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மூன்றே படி. கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

499 என்றால் 499 இல்லை. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டால் 588 ரூபாய் 82 காசு. என்னுடைய 799, அதே கணக்கில் 942 ரூபாய் 82 காசு. வித்தியாசம் மாதம் சரியாக 354 ரூபாய், வருஷத்துக்கு 4,248. நான் குறைவாக வாங்கி அதிகமாகக் கொடுக்கும் தொகை இது. அரசாங்கத்துக்கு இதிலும் பங்கு உண்டு. நான் ஏமாந்ததற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. கட்டுகிறேன்.

ரெண்டாவது மாடியில் போன மாதம் ஒரு புதுத் தம்பதி குடிவந்தார்கள். அவர்களுக்கு 499. படிக்கட்டுக்குக் கீழே மூடி உடைந்து, பேக்கிங் டேப் சுற்றிய ஒரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கறுப்பாக ரெண்டு வயர் கிளம்புகிறது. ஒரே ஓட்டை வழியாகப் போகிறது, ஒரே முருங்கை மரத்தில் தொங்குகிறது. ஒன்று அவர்கள் வீட்டுக்குள் போனதும் நூறாகிறது. இன்னொன்று என் வீட்டுக்குள் வந்ததும் நாற்பதாகிறது. போன வாரம் ஒரு அணில் ரெண்டையும் கடித்தது. அதற்குப் பழசு புதுசு தெரியவில்லை. இந்த விவகாரத்தில் பாரபட்சம் பார்க்காத ஒரே ஆள் அந்த அணில்தான்.

மேலே வந்து கஸ்டமர் கேருக்குப் போட்டேன். தமிழுக்கு ஒன்று. பிறகு, புதிய இணைப்புக்கு ஒன்று, ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர் என்றால் இரண்டு. இரண்டை அழுத்தினேன். பதினொரு நிமிஷம் புல்லாங்குழல். நடுநடுவே, என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு அம்மாள் சொன்னார். முக்கியமான அழைப்பை எடுப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. வைத்துவிட்டு மறுபடி போட்டு ஒன்றை அழுத்தினேன். ரெண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"வணக்கம் சார்! எந்த ஏரியா சார்?"

தேன். விஷயத்தைச் சொன்னேன். தேன் உறைந்தது. "நீங்க எங்க வேல்யூட் கஸ்டமர் சார். லைன்ல இருங்க, சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்குக் கனெக்ட் பண்றேன்." புல்லாங்குழல். கட்.

இந்த 'வேல்யூட் கஸ்டமர்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஷாக் அடித்தது. இதை நான் வேறொரு இடத்தில், வேறொரு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். மாயவரத்தில், என் மாமனார் வாயிலிருந்து.

1996 தீபாவளி எனக்குத் தலைதீபாவளி. மாமனாரும் மாமியாரும் இதற்கென்றே சென்னைக்கு வந்து, தட்டு வைத்து அழைத்துவிட்டுப் போனார்கள். மாயவரம் ஜங்ஷனில் என்னை இறக்கிக்கொள்ள மாமனார், மச்சான், பெரியப்பா ஒருவர், யாரென்று இன்றுவரை தெரியாத இன்னொருவர். வாடகை அம்பாசடர். மாடி அறையில் புது மெத்தை. வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் என் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. விடிகாலை நாலு மணிக்கு எண்ணெய், சீயக்காய், பாய்லர் வெந்நீர். பட்டு வேட்டி. அரைப் பவுனில் மோதிரம். லேகியத்தைக்கூட இலையில் உருட்டி வைத்து, "கொஞ்சமா சாப்பிடுங்க மாப்பிள்ளை, காரும்" என்று எச்சரித்தார்கள். காபி வெள்ளி டம்ளரில் வந்தது. விளிம்பில் சின்னதாகக் கொடி வேலைப்பாடு. கை சுடும்; ஆனாலும் வெள்ளி.

ரெண்டாவது தீபாவளிக்கு அழைப்பு தபாலில் வந்தது. ஸ்டேஷனுக்கு மச்சான் மட்டும் சைக்கிளில் வந்தான். பெட்டி சைக்கிளில் போனது, நாங்கள் நடந்தோம். மூன்றாவது வருஷம் பட்டு, பாலியெஸ்டர் ஆனது. நாலாவது வருஷம் டேபிள் ஃபேன் கீழே ஹாலுக்குப் போனது. ஐந்தாவது வருஷம் வெந்நீர் இருக்கிறதா என்று நான்தான் பாய்லரைத் தட்டிப் பார்த்தேன். ஆறாவது வருஷம் வெள்ளி டம்ளர் எவர்சில்வராக மாறியது. ஏழாவது வருஷம், "மாப்பிள்ளை, டிகாக்‌ஷன் இறங்கியிருக்கு, நீங்களே கலந்துக்கோங்க." எட்டாவது வருஷம், "அப்படியே எனக்கும் ஒண்ணு." ஒன்பதாவது வருஷம் ஸ்டூல் மேல் ஏறி சீலிங் ஃபேன் துடைத்தேன். பத்தாவது வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் கேஸ் தீர்ந்தது. சிலிண்டர் எடுக்க யார் போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். எல்லா மாப்பிள்ளைக்கும் இதுதான் என்று நினைத்தேன். 2008இல் என் மச்சினிக்குக் கல்யாணம் ஆயிற்று.

சகலைக்குத் தலைதீபாவளி. ஜங்ஷனுக்கு ஏ.சி. கார் போனது. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். முக்கால் பவுன் மோதிரம். (பவுன் விலை எங்கே ஏறியிருந்தது என்று யோசியுங்கள். ஏறிய விலையில் எடையும் ஏறியிருக்கிறது.) மாமியார் உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தார். டம்ளரைப் பார்த்தேன். விளிம்பில் கொடி வேலைப்பாடு. உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, அடகுக்குப் போய்விட்டது என்றெல்லாம் ஏழு வருஷமாக நான் எனக்கே சமாதானம் சொல்லி வைத்திருந்த டம்ளர். பரணில் பத்திரமாக இருந்திருக்கிறது. புதுக் கஸ்டமருக்காக.

அன்று மத்தியானம் மாமனாரிடம் பட்டும் படாமலும் விஷயத்தை எடுத்தேன். அவர் என் தோளில் கை வைத்து, "அவர் விருந்தாளி. நீங்க நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிட்டீங்களே மாப்பிள்ளை!" என்றார். இதைத்தான் கஸ்டமர் கேர் பெண் வேல்யூட் கஸ்டமர் என்கிறாள். பட்டம் பெரிதாக ஆக டம்ளர் சின்னதாகும்.

தோளுக்குப் பின்னால் நின்று இதுவரை படித்த என் மனைவி, "எழுதுங்க, நல்லா எழுதுங்க. அப்பா இன்னும் கண்ணாடி போட்டுட்டு எல்லாப் பத்திரிகையும் படிக்கிறார்" என்கிறாள். ஆகவே பிராட்பேண்டுக்கு வருகிறேன்.

மாமனாரை மன்னிக்கலாம், அவரிடம் ஒரு டம்ளர்தான் இருந்தது. கம்பெனிக்கு என்ன? வெளிச்சம்தானே அனுப்புகிறான்!

நான் ஒன்றும் பேராசைக்காரன் இல்லை. நம் ஊருக்கு விதேஷ் சஞ்சார் நிகாம் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையத்தைக் கொண்டுவந்தது. அந்த டயல்-அப் மோடம் தொண்டையில் மீன்முள் சிக்கியது போலக் கத்தும். அதன்பின் வீட்டு போனில் யாரும் பேச முடியாது. அதை அனுபவித்தவன் நான். 2004 பிராட்பேண்ட் கொள்கையில் அரசாங்கம் 256 கே.பி.பி.எஸ். வந்தாலே பிராட்பேண்ட் என்றது. 2023 ஜனவரியில்தான் அதை 2 எம்.பி.பி.எஸ். ஆக்கினார்கள். சட்டப்படி என் வீட்டில் இருபது பிராட்பேண்ட் ஓடுகிறது. ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சமையல் வீடியோவில் கடுகு தாளிக்கப் போனவர், கரண்டியைத் தூக்கியபடியே நிற்கிறார். நாற்பது எம்.பி.பி.எஸ். வீட்டில் இருந்தும் ஒரு கடுகுக்கு உயிர் கொடுக்க முடியவில்லை.

அதிலும் ஒரு சூட்சுமம்: எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. இறக்கும்போது பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். நாற்பது, ஐந்தாகும். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, நட்சத்திரத்தின் அடியில் மாதம் 3,300 ஜி.பி. வரை என்று வேலி போடும் திட்டங்களும் உண்டு. வேலி போட்ட வானம்.

இந்த வியாதிக்கு இங்கிலாந்தில் பெயரே வைத்துவிட்டார்கள்: 'லாயல்டி பெனால்டி'. விசுவாசத்துக்கு அபராதம். 2018இல் அங்குள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு, மொபைல், பிராட்பேண்ட், வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்திலும் பழைய வாடிக்கையாளர்கள் வருஷத்துக்கு 410 கோடி பவுண்டு தண்டம் கட்டுகிறார்கள் என்று மதிப்பிட்டுப் புகார் கொடுத்தது. 2020 பிப்ரவரியிலிருந்து அங்கே, மொபைல், பிராட்பேண்ட் ஒப்பந்தம் முடியும் முன்பே கம்பெனி வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்பி, இன்னின்ன நல்ல விலை இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கட்டணத்தைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயிடம் தெரிவித்தால் போதும். டிராய்க்குத் தெரியும். எனக்குக் குடையைப் பார்த்தால்தான் தெரியும்.

மொபைலில் 2011இல் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்தது. அதன்பின் போர்ட் பண்ணப் போகிறேன் என்று சொன்ன மறுநிமிஷம் மரியாதை வருகிறது. வீட்டு இணையத்தில் அது நடக்காது. மாற வேண்டும் என்றால் ஒருநாள் லீவு போட வேண்டும். சுவரில் இன்னொரு ஓட்டை. பழைய ரவுட்டரை அடாப்டரோடு திருப்பித் தர வேண்டும், அடாப்டர் எங்கே என்று பரணைக் கலைக்க வேண்டும். புது வயரை மரத்தில் கட்ட கீழ்வீட்டுக்காரரிடம் பல்லைக் காட்ட வேண்டும். இது எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் போட்ட விலை மாதம் 354 ரூபாய் என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

சரி, வழியைச் சொல்கிறேன். முதல் படி: என் பெயரில் இருந்ததைத் துண்டித்து, மனைவி பெயரில் புதிதாக எடுத்தேன். இதெல்லாம் எனக்கு முன்னாலேயே உங்களில் பாதிப்பேர் செய்தது என்று தெரியும், பெருமைக்குச் சொல்லவில்லை. குடைக்குக் கீழிருந்த அதே தம்பி, "வெல்கம் மேடம்" என்று ஒரு காலண்டர்கூடக் கொடுத்தான். வயர் மாற்றவில்லை. அதே வயர், அதே ஓட்டை. கம்ப்யூட்டரில் யாரோ எதையோ தட்டினார்கள், நூறு வந்தது. ஏழு வருஷம் அந்த அறுபது எந்தப் பரணில் இருந்ததோ!

ரெண்டு நாளில் பெட்டியில் சிவப்பு விளக்கு. கஸ்டமர் கேர்.

"எல்.ஓ.எஸ். ரெட்டா எரியுதா சார்? கனெக்‌ஷன் மேடம் பேர்ல இருக்கு. நீங்க மேடத்துக்கு யாரு சார்?"

"வீட்டுக்காரர்."

"மேடத்துக்கிட்ட குடுங்க சார்."

மேடம் போனை வாங்கினாள், ஒரே நிமிஷத்தில் காரியம் முடிந்தது. இப்போது ஓ.டி.பி., பில், "அன்புள்ள வாடிக்கையாளரே" எல்லாம் அவளுக்குத்தான். என் வீட்டிலேயே நான் எக்ஸிஸ்டிங்.

அதோடு போயிற்றா? நட்சத்திரத்தின் அடியில் எழுதியிருந்ததை இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 499 ஆறு மாதத்துக்கு மட்டும். ஏழாவது மாதம் 799. ரெண்டாவது படி: அவன் கொடுத்த காலண்டரிலேயே தேதியை வட்டமிட்டேன். மூன்றாவது படி: அடுத்தது யார் பெயரில் எடுப்பது? மகன் பெங்களூரில் இருக்கிறான். என் பெயர் ஏற்கெனவே கறைபட்டது. யோசித்து யோசித்து, இதுவரை எந்தக் கம்பெனியிலும் பிராட்பேண்ட் எடுக்காத, ஆதார் அட்டை உள்ள ஒரே உறவினரைக் கண்டுபிடித்தேன். மாயவரத்துக்குப் போன் போட்டேன்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? இந்தத் தீபாவளிக்கு நாங்க அங்க வர்றோம். ஸ்வீட்டெல்லாம் நானே வாங்கிட்டு வந்துடறேன். ஒண்ணுமில்ல, உங்க ஆதார் நம்பர் மட்டும் கொஞ்சம் வேணும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாமனார் சொன்னார்: "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மாப்பிள்ளை. சின்ன மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."