விருதுநகர் மாவட்டத்தில் ‘லிமிட்’டும் அதன் நகர்வும்

விருதுநகர் மாவட்டத்தார் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘லிமிட்’ அளவுக்கு உழைக்கும் சொல் வேறில்லை. சாப்பாட்டுக் கடையில், கடன் தரும் வங்கியில், மருமகனைப் பற்றிய புகாரில் என்று எங்கும் அது இருக்கிறது. இருந்தும் அதை யாரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளாத குறையை நீக்கவே இக்கட்டுரை.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். அங்கே அது வயல் வரப்பைக் குறித்தது. அகராதிக்காரர்கள் அசையாத எல்லை என்று பொருள் எழுதிவைத்துப் போய்விட்டார்கள். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பங்காளிகள் உழுவதை அவர்கள் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு கொழு அகலம் வரப்பு நகரும். சில வருஷத்தில் வழக்கு மதுரைக்குப் போகும். ஆகவே லிமிட் என்பது நகரும் பொருள். இதுவே நம் முதற்கோள்.

களச்சான்றுக்கு விருதுநகர் பரோட்டாக் கடை. எண்ணெயில் மிதந்து மொறுமொறுவென்று பொரிந்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டதும் சால்னா வரும். பரோட்டாவுக்கு எண்ணிக்கை உண்டு, சால்னாவுக்கு லிமிட் இல்லை என்பது கடை மரபு. ஆனால் நான்காம் முறை கேட்டால் வாளி வராது, கரண்டி மட்டும் வரும். ஐந்தாம் முறை பரிமாறுபவருக்குக் காது கேட்பதில்லை. எழுதாத லிமிட்டே கறாராக அமலாகிறது என்பது துணைக்கோள்.

சிவகாசிக்குள் நுழைந்ததும் சொல்லுக்கு மாப்பிள்ளை மிடுக்கு வந்துவிடுகிறது. பட்டாசு ஆலைகளை லைசென்ஸை வைத்தே தரம் பிரிக்கிறார்கள்: டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். வெடிபொருள் 15 கிலோ வரை என்றால் மாவட்ட நிர்வாகம் போதும். அதைத் தாண்டினால் மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம்; பெரிய ஆலைக்கு நாக்பூர் தலைமையகம். லிமிட் கூடக்கூட அனுமதி தரும் ஊர் தள்ளிப்போகிறது. சம்பந்தம் பேசுகையில் ‘நாக்பூர்’ என்ற சொல் விழுந்தால் காப்பியில் பால் கூடுவதை நேரில் காணலாம்.

இத்துறையின் சிகரம் 1999-இல் வந்த மத்திய அரசு அறிவிக்கை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கு லாகரிதம் கண்டு, ஐந்தால் பெருக்கி, 125-இல் கழிக்க வேண்டும். ஆயிரம் வெடி என்றால் 15 கழியும். ஒவ்வொன்றும் 110-க்குள் அடங்க வேண்டும். பத்தாயிரத்துக்கு 105. கூட்டம் பெருகப் பெருகத் தனியாள் குரல் தாழ வேண்டும் என்கிற இவ்விதியைக் கூட்டுக் குடும்பங்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் நீட்டிக்கலாம். ஒரே சிக்கல், 10000 வாலாவைப் பிரித்து எண்ணிப் பார்த்தவர் ஊரில் அகப்படவில்லை. கழித்தலில் பிழை வரலாம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்தது. லாகரிதத்துக்கு வேலை போயிற்று. சரம் பின்னிய பெண்களுக்கும்தான்.

ஆலைச் சுவரில் பெயின்டால் எழுதிய லிமிட் ஒன்று உண்டு: இந்த அறைக்கு இத்தனை ஆள், இத்தனை கிலோ. வழக்கமாக நான்கு ஆள். மருந்து கலக்கும் அறையில் அதிலும் குறைவு. தீபாவளி நெருங்கி ஆர்டர் குவிந்தால் இந்த வரப்பும் நகர்கிறது. அறையில் ஆள் கூடுகிறது, மரத்தடியிலும் வேலை நடக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகும் நகர்கிறது. முதற்கோள் பொய்த்திருக்கக் கூடாதா என்று ஆய்வாளர் ஏங்கிய இடம் இது ஒன்றுதான்.

மிஞ்சியது நேர லிமிட். சரவெடியைத் தடை செய்த அதே தீர்ப்பு தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை என்றது. எண்ணெய் தேய்த்துக் குளித்து விடியலில் வெடிக்கிற ஊருக்கு ராத்திரி எதற்கு என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றது. அந்த இரண்டு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்றானதும் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அறிவித்தார்கள். மீறியவர்கள் மீது மாநிலமெங்கும் வழக்குப் பதிவாயிற்று. ஆனால் அடிப்படைக் கேள்வி தீரவில்லை: லிமிட் பற்றவைப்பதற்கா, வெடிப்பதற்கா? 7.59-க்குத் திரி கொளுத்திய 120 ஷாட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ரோந்து வந்த ஏட்டு ஒருவர் இதைக் களத்திலேயே எதிர்கொண்டார்.

“மணி எட்டு தாண்டிருச்சே அண்ணாச்சி?”

“நான் லிமிட்டுக்குள்ளதான் பத்த வச்சேன் ஏட்டய்யா. அது தாண்டிப் போனா நான் என்ன செய்ய?”

ஏட்டு அண்ணாந்து பார்த்தார். “இன்னும் எத்தன பாக்கி?”

“பெட்டியில நூத்தி இருபதுன்னு போட்டிருக்கு. நம்ம ஊருச் சரக்குதான், முன்னப்பின்ன இருக்கும்.”